சிங்கத்தின் முன்பக்கம்

எங்கள் தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'புலி அண்ணாச்சி' என்றுதான் சொல்வார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையின் உறையில்கூட அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு மிளாவின் பின்பக்கம் என்பது வெகுகாலம் எனக்கும் ஜீப் ஓட்டிய காதருக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது.

திருநெல்வேலியில் காட்டு இலாகா அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மலையில் புலி எத்தனை, சிறுத்தை எத்தனை, எந்த ஓடைக்கரையில் எத்தனை காலடித் தடம் என்று வருடா வருடம் தட்டச்சு செய்து மேலே அனுப்பியது இந்தக் கைதான். புலியின் காலடியை அச்சு வார்த்து எடுத்து வருவார்கள். உடைந்துபோன அச்சு ஒன்று காகிதம் பறக்காமல் இருக்க என் மேஜையில் உட்கார்ந்திருந்தது. எனக்கும் புலிக்கும் இருந்த நேரடிப் பழக்கம் அவ்வளவுதான்.

டீக்கடையில் சும்மா விடுவார்களா? "புலி ஆபீசுல இருக்கேரு, ஒரு புலியக் கண்ணால பாத்ததில்லையாம்வே" என்று சிரிப்பார்கள். இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒருநாள், மலையில் இருக்கும் காவலர்களுக்கு மழைக்கோட்டு கொண்டுபோக ஆள் இல்லாமல் என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். ஓட்டியவர் மேலப்பாளையம் காதர். முண்டந்துறை தாண்டி ஒரு வளைவில், புதருக்குள் பழுப்பாக ஏதோ ஒன்று உள்ளே போனது. "காதர், புலி!" என்று கத்திவிட்டேன். காதர் எட்டிப் பார்த்தார். "மிளா அண்ணாச்சி அது. வாலப் பாரும்" என்றார். மாட்டளவுக்கு இருக்கும் மான்தான் மிளா. அதன் வாலையும் வால் முளைத்த இடத்தையும்தான் நான் பார்த்தது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் மறுபடியும் சிரித்தார்கள். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னைக்குப் பாத்தேன்லே. இருபதடி தூரத்துல" என்றேன். நான் வீடு வந்து சேருமுன் சேதி வந்துவிட்டது. என் மனைவி கோமதி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "புலி வாயிலருந்து வந்திருக்கிய" என்று அழுதாள். அழுகிறவளிடம் மிளா என்று எப்படிச் சொல்ல? அந்த வாரம் ஆவணி முதல் வெள்ளி. காந்திமதி அம்மன் சன்னிதியில் என் உயிரைக் காத்ததற்கு ஒரு நெய் விளக்கு ஏற்றினாள். அடுத்த வருடமும் ஏற்றினாள். இன்றுவரை ஒரு ஆவணி தவறியதில்லை. புலியும் தன் பங்குக்கு வருடத்துக்கு அரை அடி நெருங்கி வந்துகொண்டே இருந்தது.

இந்த நிலையில்தான் எங்கள் மகள் மீனா கூப்பிட்டாள். மாப்பிள்ளையோடு அவள் இருப்பது தான்சானியாவில், அருஷா என்ற ஊரில். "பக்கத்துலயே தராங்கிரேன்னு பெரிய காடு இருக்குப்பா. சிங்கம், யானை எல்லாம் சும்மா திரியும். ரெண்டு பேரும் வாங்க" என்றாள். கோமதிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அன்னைக்கு நீங்க ஒத்தையில பாத்திய. இந்தத் தடவ நானும் பக்கத்துல நிப்பேன்லா" என்றாள்.

எனக்கும் ஒரு ஆசை முளைத்தது. ஆப்பிரிக்காவில் புலி கிடையாது. அதனாலென்ன, சிங்கமும் அதே சாதிதானே. ஒரே ஒரு தடவை, கோமதி பக்கத்தில் இருக்கும்போது, ஒரு சிங்கத்தின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துவிட்டால் போதும். இத்தனை வருடப் பொய்க்கு அது முட்டுக்கொடுத்துவிடும். அதற்குப் பிறகு அவள் விளக்கேற்றும்போது நான் தூணைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

காதர் இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். ரயிலடிக்கு அவர்தான் கொண்டுபோய் விட்டார். பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, அங்கனயாவது முன்பக்கமாப் பாத்துட்டு வாரும்" என்றார்.

"என்னது முன்பக்கம்?" என்றாள் கோமதி.

"சீட்டச் சொல்லுதேன் மதினி. பிளேன்ல முன்பக்கம்னா குலுக்காது" என்றார் காதர். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பயம்.

புறப்படுமுன் நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லவேண்டும். டவுனில் ஒரு தையல்கடையில் சஃபாரி தைத்துக்கொண்டேன். சஃபாரி போகிறவன் சஃபாரி போடாவிட்டால் எப்படி? நம் ஊரில் சஃபாரி போட்டவர்கள் கல்யாணத் தரகர்களும் கட்சிக்காரர்களும்தான் என்றாலும், அதன் பூர்வீகம் ஆப்பிரிக்காதானே என்று நினைத்தேன். அழுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று கருநீலத் துணி எடுத்தேன். அந்த ஊர் பாஷையில் 'சஃபாரி' என்றால் பயணம் என்று மட்டும்தான் அர்த்தமாம். போய்ச் சேர்ந்த பிறகு மீனா சொன்னாள்.

முதல் நாள் காலையில் ஜூமா வண்டியோடு வந்தார். மீனாவுக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு கிடைக்காததால், எங்கள் இருவரை மட்டும் மூன்று நாள் காட்டுக்குள் கொண்டுபோய்க் காட்டும் ஓட்டுநர். முப்பத்தைந்து வயது இருக்கும், ஆறடி உயரம், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். மீனா அவரிடம் ஏற்கெனவே எல்லாம் அளந்துவிட்டிருந்தாள். "உங்களைப் பற்றிச் சொன்னார்கள். புலியை ஏழடியில் பார்த்த வன அதிகாரி. உங்களை ஏற்றிக்கொண்டு போவது எனக்குப் பெருமை" என்று ஆங்கிலத்தில் சொல்லி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பொய் கடல் தாண்டி எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தது.

பிறகு "பாபா, மாமா, ஏறுங்கள்" என்றார்.

கோமதி என் காதில், "நான் இவனுக்கு மாமாவா?" என்றாள்.

"இங்க அம்மாவ மாமாம்பாகளாம்."

"அப்ப மாமாவ என்னம்பாக? அம்மாம்பாகளா?"

தார்ச்சாலை முடிந்து மண்சாலை வந்தது. பேட்டையில் தகர ஷீட்டு மடிப்பார்களே, அந்த மாதிரி வரிவரியாகக் கிடந்த சாலை. கோமதியின் பல்லும் என் பல்லும் தந்தி அடித்தன. "ஏப்பா, பைய, பையப் போப்பா" என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கத்தினாள். ஜூமா கண்ணாடியில் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார். "பைய, பைய!" என்று நானும் சேர்ந்துகொண்டேன். இன்னும் கூட்டினார்.

"பாவநாசம் மினிபஸ்சுல இருந்தவன் போல" என்றாள் கோமதி.

காட்டுக்குள் நுழைந்ததும் ஈ. சாதா ஈ அல்ல, செட்சி என்று ஒரு ஈ. துணிக்கு மேலேயே கடிக்கிறது. ஜூமாவையும் விட்டுவிட்டது, கோமதியையும் விட்டுவிட்டது. என்னை மட்டும் மொய்த்தது. மரங்களில் அங்கங்கே கருநீலத் துணி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அது என்ன வேண்டுதல் என்று கேட்டேன். "வேண்டுதல் இல்லை பாபா, பொறி. இந்த ஈ இந்த நிறத்தைக் கண்டால் விடாது. அதனால் அந்தத் துணியில் மருந்து தடவித் தொங்கவிடுகிறோம்" என்று சொல்லி, மரியாதைக்காக என் சஃபாரியைப் பார்க்காமல் இருந்தார். என் உடுப்பும் அந்தப் பொறியும் ஒரே பீஸில் வெட்டியது போலிருந்தன. கூலி கொடுத்துத் தைத்த வினை.

ஆனால் காடு என்றால் காடு. ஐந்து பேர் கைகோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத, பாவோபாப் என்கிற பெருக்கமரங்கள். அதன் பழத்தை ஜூமா உடைத்துக் கொடுத்தார். கோமதி வாயில் போட்டுவிட்டு, "புளி!" என்றாள். எனக்கு ஒரு நொடி உடம்பு தூக்கிப்போட்டது. ஆப்பிரிக்காவில் புலி இல்லை, புளி இருக்கிறது.

ஆற்றுக்கு யானைகள் வந்தன. இருபது, முப்பது இருக்கும். பெரியதெல்லாம் ஓரம் நின்று குட்டிக்கு வழிவிட்டது. குடித்தன, குளித்தன, வந்த வழியே ஏறிப் போயின. ஒரு யானைகூட ஷாம்பு உறையைத் தண்ணீரில் போடவில்லை. ஒன்றுகூட உடுத்திய வேட்டியை ஆற்றோடு விட்டுவிட்டுப் பாவம் கழிந்தது என்று போகவில்லை. நம் தாமிரபரணிப் படித்துறையில் நாலு யானையைக் கொண்டுவந்து பாடம் எடுக்கச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது.

அந்த யானைகளில் ஒன்று குட்டியோடு எங்கள் பக்கம் திரும்பியது. நான் ஆசையாகப் போனை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வண்டி லேசாக உருண்டுகொண்டிருந்தது. "பைய, பைய" என்றேன். ஜூமாவின் முகம் வாடியது. சட்டென்று திருப்பிப் புழுதி கிளப்பிக்கொண்டு ஓட்டிவிட்டார். ஒட்டகச்சிவிங்கியிடமும் இதே கதை. வரிக்குதிரையிடமும் இதே கதை. நாங்கள் "பைய" என்று சொல்வதும், அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு பறப்பதும். அன்று சாயங்காலம் போனில் இருந்த படங்களைப் பார்த்தேன். யானையின் பின்பக்கம், ஒட்டகச்சிவிங்கியின் பின்பக்கம், நாலு வரிக்குதிரைகளின் பின்பக்கம். காதர் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"எதுக்கு இப்பிடி விரட்டுதான்?" என்றாள் கோமதி.

"நேரத்துக்குப் போகணும்னு முதலாளி சொல்லியிருப்பான். பாவம், கூலிக்கு ஓட்டுதவன். ஒண்ணும் கேக்காத" என்றேன். முப்பத்திரண்டு வருடம் மேலதிகாரிகளிடம் இருந்தவனுக்கு எதையும் கேட்காமல் இருப்பது நன்றாக வரும்.

இரண்டாம் நாள் மதியம் ஒரு மேட்டில் சாப்பிட நிறுத்தினார். விடுதியில் கட்டிக்கொடுத்தது உகாலி, அவரைக்காய்க் குழம்பு மாதிரி ஒன்று. உகாலி என்பது மக்காச்சோளக் களி. களிக்கு உப்புப் போட மறந்தால் உகாலி. கோமதி பையிலிருந்து கல்லிடைக்குறிச்சி அப்பளத்தையும் மோர்மிளகாயையும் எடுத்தாள், மீனா வீட்டில் பொரித்துக் கட்டிக்கொண்டு வந்தது. வைத்துத் திரும்புவதற்குள் ஒரு குரங்கு மேஜையில் குதித்து வைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அப்பளத்தை ரசித்துத் தின்றது. பிறகு மோர்மிளகாயைக் கடித்தது. அது போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைகள் எல்லாம் எழுந்து நின்றன.

"வேணும். நல்லா வேணும்" என்றாள் கோமதி. ஜூமா ஒரு அப்பளத் துண்டு கீழே விழுந்ததை எடுத்து ஊதி வாயில் போட்டுப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டார். பையில் மிச்சமிருக்கும் அப்பளத்தை நாளைக்கு இவருக்குத் தனியாகக் கட்டவேண்டும் என்று கோமதி அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

அந்த நேரம் வண்டியின் ரேடியோவில் ஏதோ கரகரத்தது. "சிம்பா" என்ற சொல் எனக்கே புரிந்தது. சிங்கம்! ஜூமா பறந்தார், இந்தத் தடவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே ஏற்கெனவே ஆறு ஜீப் நின்றது. மரத்தடியில், அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, ஒரு ஆண் சிங்கம் படுத்திருந்தது. எங்களுக்குத் தெரிந்தது முதுகும் வாலும். சரி, எப்படியும் திரும்பும் என்று வண்டிக் கூரையைத் தூக்கிவிட்டு சீட்டின் மேல் ஏறி நின்றேன். கோமதியும் ஏறினாள். சிங்கத்தின் காது அசைந்தது. தலையை மெல்லத் தூக்கியது. அதே நேரம் கோமதிக்குச் சேலை தடுக்கிக் கால் வழுக்கியது. நான் குனிந்து அவளைப் பிடித்து, "பைய, பைய" என்றேன்.

வண்டி கிளம்பிவிட்டது!

"நிறுத்துப்பா!" என்பதற்குள் இரண்டு வளைவு தாண்டியாயிற்று. கோமதி சீட்டில் விழுந்தவள் சிரித்துக்கொண்டே எழுந்தாள். "பாத்துட்டேங்க! மூஞ்சிய இங்கன திருப்பிச்சு. யம்மா, என்ன கண்ணு! நீங்களும் பாத்தியள்லா?"

நான் பார்த்தது அவள் பாதத்தையும், வாலின் நுனியில் இருந்த கறுப்புக் குஞ்சத்தையும்.

"ம்" என்றேன். பொய்க்கு முட்டுக்கொடுக்க வந்த இடத்தில் இன்னொரு பொய் நட்டாயிற்று.

சாயங்காலம் விடுதியில் டீ குடிக்கும்போது கேட்டாள். "புலி கண்ணும் இப்பிடித்தான் மஞ்சளா இருந்துச்சா?" ஆசையாகக் கேட்டாள், சந்தேகமாக இல்லை. அதுதான் கொடுமை. "கிட்டத்தட்ட" என்று சொல்லிவிட்டு ஆறிப்போன டீயை ஊதி ஊதிக் குடித்தேன். நாளை ஒரு நாள்தான் பாக்கி.

மூன்றாம் நாள் காலை, காட்டுக்குள் போனதும் ஜூமா வண்டியை நடுப்பாதையில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"பாபா, மனதில் வைத்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். யானையைக் காட்டினேன், மோசம் என்றீர்கள். ஒட்டகச்சிவிங்கி, மோசம். சாலை மோசம், அது எனக்கும் தெரியும். நேற்று இத்தனை பெரிய சிங்கம், அதையும் மோசம், மோசம் என்றீர்கள். நீங்கள் புலியையே பார்த்தவர், உங்கள் கண்ணுக்கு இதெல்லாம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் பயணம் முடிந்ததும் நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும். ஏற்கெனவே இரண்டு பேர், சிங்கம் காட்டவில்லை என்று மோசம் போட்டுவிட்டார்கள். சிங்கத்தை நான் சட்டைப் பையிலா வைத்திருக்கிறேன்? மூன்றாவதும் மோசம் என்றால் எனக்கு வேலை இருக்காது. உங்களுக்கு எதைக் காட்டினால் பிடிக்கும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எப்போது மோசம் என்று சொன்னேன்?"

"எப்போதும்! 'ம்பாயா, ம்பாயா' என்றீர்களே. மாமாவும்தான்."

'ம்பாயா' என்றால் அவர்கள் பாஷையில் மோசம், கெட்டது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பைய! நாங்கள் மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று கெஞ்ச, மோசம், இங்கிருந்து கூட்டிக்கொண்டு போ என்று விரட்டுவதாக அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சென்னைக்காரனாக இருந்தால் 'மெதுவா' என்று சொல்லி முழுச் சிங்கத்தையும் பார்த்திருப்பான். திருநெல்வேலிக்காரன் வாயைத் திறந்து பின்பக்கம் பார்த்தான்.

நான் வண்டியின் முன்பலகையில் இரண்டு விரலை ஆமை மாதிரி நடத்திக் காட்டினேன். "பைய. இதுதான் பைய."

"பொலே பொலே!" என்று கத்தினார் ஜூமா. மெதுவாக என்பதற்கு அவர்கள் சொல். சிரித்துச் சிரித்து ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். கோமதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பில் பாதி, இரக்கத்தில் பாதி. "ரெண்டு நாளா இந்தப் பிள்ள மனசுக்குள்ள வச்சிட்டு ஓட்டியிருக்கானே" என்று அப்பளப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தாள். அதற்குப் பிறகு ஜூமா வண்டியை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். "பைய பைய, மாமா?" என்று நிமிடத்துக்கு ஒருதரம் கேட்டார். "பைய பைய" என்று கோமதி தலையாட்டினாள்.

பைய ஓட்டி என்ன, மதியம்வரை ஒரு சிங்கம் கண்ணில் படவில்லை. பட்டது ஒரு முள். பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது.

ஜூமா தொலைநோக்கியை வைத்து நாலு பக்கமும் பார்த்தார். "பாபா, கூரை வழியாக நின்று பார்த்துக்கொள்ளுங்கள். எதுவும் வந்தால் உங்களுக்குத்தான் தெரியும்" என்று என்னை நம்பி இறங்கினார். புலியைப் பார்த்தவன் காவல் நிற்கிறான் என்ற தைரியம் அவருக்கு. ஜாக்கியைப் போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினார். புல்லும் வெயிலும் தவிர ஒன்றுமில்லை.

அப்புறம் புல்லின் ஒரு பகுதிக்கு முகம் வந்தது.

பெண் சிங்கம். ஜூமாவுக்குப் பின்னால், பதினைந்தடி இருக்கும். அவர் குனிந்து மாற்றுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். ஆங்கிலம் போன இடம் தெரியவில்லை. முப்பத்திரண்டு வருடம் தட்டச்சு செய்த ஆங்கிலம், ஒரு சொல் வரவில்லை. வந்தது ஒன்றுதான்.

"ஜூமா. பைய. பைய."

அவர் கை நின்றது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் பார்க்கவில்லை, ஓடவில்லை. காலையில் என் விரல் ஆமை நடந்த மாதிரி, வண்டியின் ஓரத்தை உரசிக்கொண்டு ஒவ்வொரு அடியாக வந்தார். ஓடியிருந்தால் அது பாய்ந்திருக்கும் என்று பிறகு சொன்னார். கோமதி கதவைத் திறந்து அவர் சட்டைக் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். ஆறடி மனிதர் அவள் மடியில் விழுந்தார். முந்தின நாள் இதே 'பைய'யைச் சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு மோசம் என்றுதான் கேட்டிருக்கும்; சக்கரத்தை இன்னும் வேகமாக உருட்டியிருப்பார்.

சிங்கம் அவசரப்படவில்லை. நடந்து வந்தது. சக்கரத்தை முகர்ந்தது. பிறகு வண்டியின் நிழலில், என் ஜன்னலுக்கு நேர் கீழே, தொப்பென்று படுத்துவிட்டது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மூக்கில் ஒரு பழைய வடு. கண்ணோரத்தில் ஒரு ஈ. கொட்டாவி விட்டது, நாற்றம் குமட்டியது. புது அதிகாரி பழைய கோப்பைப் பார்ப்பதுபோல் ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் கீழே போட்டுக்கொண்டது. முன்பக்கம். முழு முன்பக்கம்.

கோமதி என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மூச்சுவிடாமல் கேட்டாள். "புலியும் இப்பிடித்தான் பாத்துச்சா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அதற்குத்தானே இத்தனை தூரம் வந்தேன். ஆனால் நிஜத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாய் பொய்க்கு வளையவில்லை.

"கோமதி, அது புலி இல்ல. மிளா."

"எது?"

"அன்னைக்கு நான் பாத்தது."

"முழு மிளாவா?" என்றாள்.

"பின்பக்கம்."

கீழே சிங்கம். சத்தம் போட முடியாது. இறங்கிப் போகவும் முடியாது. கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் நாங்கள் போட்ட மிகப் பெரிய சண்டையைக் கிசுகிசுப்பிலேயே போட்டோம். "இருவத்தாறு வெளக்கு! மழையில போனேன். காச்சல்ல கெடந்தப்பவும் எந்திச்சுப் போனேன். ஒரு மிளா குண்டிக்கா?" என்றாள். "ஊருக்குச் சொல்லுங்க, தெருவுக்குச் சொல்லுங்க. எங்கிட்ட எதுக்கு?"

"நீ அழுத. அதுக்கப்புறம் வாய் வரல."

"அதுக்கப்புறம் இருவத்தாறு வருசம் இருந்துச்சே" என்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அந்தச் சிங்கத்தின் வாயில் போய் உட்காரலாம் போலிருந்தது.

ரேடியோவில் ஜூமா உதவி கேட்டார். உதவிக்கு ஏழு ஜீப் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் படம் எடுத்தார்கள். சிங்கத்தை எடுத்தார்கள், மூன்று சக்கரத்தில் சாய்ந்து நின்ற வண்டியை எடுத்தார்கள், உள்ளே இருந்த எங்களை எடுத்தார்கள். பக்கத்து ஜீப்பில் ஒரு வெள்ளைக்கார அம்மா தன் கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "அந்த வயதான தம்பதியைப் பாருங்கள். எத்தனை அமைதியாகப் பேசிக்கொள்கிறார்கள். காட்டை மதிக்கத் தெரிந்தவர்கள்."

ஜூமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாமாவுக்குச் சிங்கத்தின் மேல் கோபமா?" என்று கேட்டார்.

"சிங்கத்தின் மேல் இல்லை" என்றேன்.

மூன்று மணி நேரம். நிழல் நகர்ந்ததும் அதுவும் எழுந்து நகர்ந்து போய்விட்டது. சக்கரத்தை மாட்டிவிட்டுப் புறப்படும்போது ஜூமா அந்தத் தாளை நீட்டினார். நான் பேனாவை எடுப்பதற்குள் கோமதி வாங்கிக்கொண்டு தமிழிலேயே எழுதினாள்: 'தங்கமான பிள்ளை. பைய ஓட்டுவான்.' கீழே கையெழுத்துப் போட்டாள். அதை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதுவது மட்டும் எனக்கு மிச்சம்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசவில்லை. மீனாவிடம், "அவுகளச் சாப்பிடச் சொல்லு" என்பாள். விமானத்தில் அதைப் பணிப்பெண்ணிடம் தமிழிலேயே சொன்னாள்.

டீக்கடையில் கூட்டம் கூடியது. நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சிங்கம் வந்தது, எங்கள் ஜீப் நிழலில் படுத்தது, மூன்று மணி நேரம் தூங்கியது. "படம் எங்கவே?" என்றார்கள். அவசரத்தில் என் போனில் விழுந்தது என் கட்டைவிரல்தான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஜீப்பு நெழல்ல படுத்துச்சாக்கும்! வெளிநாடு போனாலே அளக்க ஆரம்பிச்சிருதாங்க" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். "அண்ணாச்சி, அத விடும். அந்தப் புலி சங்கதியச் சொல்லும், அதான் கேக்க நல்லா இருக்கும்" என்றார் கடைக்காரர்.

"அது மிளாலே" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணாச்சிக்குத் தன்னடக்கம் என்றார்கள்.

காதர் மட்டும் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "முன்பக்கம் பாத்தீரா?"

"பாத்தேன்."

"மதினி?"

"சிங்கத்தையும் பாத்தா. மிளாவையும் பாத்துட்டா."

"யா அல்லா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஆவணி முதல் வெள்ளி. இனி அவள் எங்கே போகப்போகிறாள் என்று இருந்தேன். காலையில் குளித்து, தலை முடிந்து, நெய்க்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "வாரியளா, நான் மட்டும் போகட்டா?" என்றாள். ஊர் திரும்பியபின் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

சன்னிதியில் இரண்டு விளக்கு வைத்தாள். நான் தூணைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டு எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு ஜூமாவுக்கு" என்று திரியைத் தூண்டினாள். இன்னொன்றை ஏற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இது அந்த மிளாவுக்கு. இத்தன வருசமும் புலி பேருல ஏத்திட்டேன்லா, பாவம்."